நாலு மில்லிமீட்டர் தள்ளி

அலுவலகக் கோப்புகளில் காகிதத்துக்குத் துளை போட்ட பிறகு, அது கிழிந்துவிடாமலிருக்கத் துளையைச் சுற்றி ஒட்டுவார்களே ஒரு சின்ன வெள்ளை வளையம், அது என் ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே பள்ளிக்கூட ஆய்வக மேசையில், விரித்த பருத்தித் துணிமேல், பதினாறு அங்குல அகலமுள்ள கண்ணாடி மல்லாந்து கிடக்கிறது. தூசி பறக்கக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டேன். வியர்வை சொட்டக் கூடாது என்று நெற்றியில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். மூச்சுக்காற்று படக் கூடாது என்று வாயில் முகக்கவசம். குழிந்த கண்ணாடி ஆதலால் என் முகம் உள்ளே பூசணிக்காய் அளவுக்குத் தெரிகிறது, அதில் கண்கள் மட்டும் பயந்துபோய் முழிக்கின்றன. விரலை மெல்ல இறக்கி வளையத்தை ஒட்டிவிட்டேன். அந்த விரலை என் பக்கமாகக் கொஞ்சம் இழுத்து வைத்திருந்தால், பாய்க்கும் எனக்கும் இடையில் பிற்பாடு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

பாய் என்று நான் சொல்வது லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரை. என்னைவிட இரண்டு வயது சின்னவர். கடையின் முன்பக்கம் கண் பார்க்கும் நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. பின்னால் ஒரு மறைப்புக்குள் லென்ஸ்களைத் தேய்த்துச் சட்டத்தில் ஏற்றும் இயந்திரம். ஒவ்வொரு லென்ஸையும் கருவியில் வைத்துப் பார்த்து, நடு எங்கே என்று ஒரு மைப்புள்ளி வைத்த பிறகுதான் கையில் எடுப்பார். நடு தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி நிச்சயம் என்பார். சனிக்கிழமை சாயங்காலம் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு சாந்தோம் வந்துவிடுவார். அங்கே ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில்தான் எங்கள் வானம் பார்க்கும் குழு கூடுகிறது. அவர் அதன் செயலாளர். நான் அந்தப் பகுதிக்காரி, தி.நகரில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மகன் சிறுவனாயிருந்தபோது அவனுக்குச் சனிக்கிரகம் காட்டக் கூட்டிப்போனேன். அவன் ஒரு தரம் பார்த்துவிட்டு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான், நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

எங்கள் தொலைநோக்கி ஆளுயரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு குழாய். குழு ஆட்களே ஒட்டுப்பலகையில் செய்தது. அடியில் அந்தப் பெரிய குழிக்கண்ணாடி வானத்தைப் பார்த்தபடி இருக்கும். அது சேர்த்துத் தரும் வெளிச்சத்தை மேலே சாய்வாக நிற்கும் சின்னக் கண்ணாடி வாங்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அங்கேதான் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் நட்சத்திரம் ஊசிமுனைப் புள்ளியாக இருக்கும். கொஞ்சம் முகம் திரும்பிக்கொண்டாலும் புள்ளிக்கு வால் முளைத்துவிடும். குழாயை அறையிலிருந்து மாடிக்குத் தூக்கி வருவதற்குள்ளேயே அவை திரும்பிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு சனிக்கிழமையும் இருட்டுவதற்குள் நேராக்குவதுதான் முதல் வேலை. பெரிய கண்ணாடியின் நட்டநடுவில் அந்தக் காகித வளையம் இருக்கும். மேலிருந்து லேசரை அடித்து, சிவப்புப் புள்ளி வளையத்துக்குள் விழுகிறதா, அங்கிருந்து திரும்பி வந்த இடத்துக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக, கணக்கெல்லாம் அந்த வளையத்தை நம்பித்தான்.

மேலே பார்க்கிறவரின் கை அடியில் இருக்கும் திருகுகளுக்கு எட்டாது, ஆகவே இது இரண்டு பேர் வேலை. பாய் முக்காலிமேல் நின்று பார்ப்பார், நான் கீழே குந்தி உட்கார்ந்து திருகுவேன். திருகுகள் மூன்று. எது எது என்று குழம்பாமலிருக்க, குழாயை ஒரே திசையில் நிறுத்தி, எந்தத் திருகு எதைப் பார்க்கிறதோ அதன் பெயரை அதற்கு வைத்திருந்தோம். ஒன்று சர்ச், ஒன்று கடல், ஒன்று குளம். "கடல் கால் சுத்து. போதும். சர்ச்சு கொஞ்சம் லூசு பண்ணுங்க மேடம். அய்ய, ஜாஸ்தி. திரும்பி வாங்க" என்று அவர் குரல் மேலிருந்து வரும். புதிதாக மாடிக்கு வந்தவர்கள் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கலாம். அந்தக் கால் மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் கேஸ் மூடினேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கும் பிறவி நான். இன்னொருவர் பார்த்து 'போதும்' என்று சொல்லும் வேலை அது ஒன்றுதான்.

கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு நிலைக்காது. உப்புக் காற்று அரித்துவிடும், நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை வெளியூர் அனுப்பிப் புதுப்பூச்சுப் போட்டு வர வேண்டும். அந்த வருஷம் பிப்ரவரியில் கண்ணாடி திரும்பி வந்தபோது பாய் ஆம்பூரில் தங்கை மகள் நிக்காஹில் இருந்தார். அடுத்த சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கு வியாழன் கிரகம் காட்டுவதாக ஒத்துக்கொண்டிருந்தோம். "வளையம் நீங்களே ஒட்டிடுங்க மேடம். உங்க கை சரியான கை" என்று போனில் சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்ணாடியின் நடுவைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சார்ட் காகிதத்தைக் கண்ணாடிமேல் வைத்து விளிம்போடு கோடு இழுத்து, வட்டமாக வெட்டி, நாலாக மடித்தால் மடிப்புகள் கூடும் இடம் நடு. அங்கே ஒரு துளை போட்டு, காகிதத்தைத் திரும்பக் கண்ணாடிமேல் பொருத்தி, துளைக்குள் ஒரு மைப்புள்ளி வைத்து, அதைச் சுற்றி வளையத்தை ஒட்ட வேண்டும். ஆனால் அப்படிப் பளபளத்துக்கொண்டிருந்த புதுப்பூச்சுக்குப் பக்கத்தில் பென்சிலோடு போக எனக்குக் கை வரவில்லை. கீறிவிட்டால் என்ன செய்வது? அதனால் கண்ணாடியைத் தொடாமல், அதை வைத்து மூடும் மரக்கூட்டின் வட்ட மூடியை எடுத்து அதைச் சுற்றிக் கோடு இழுத்தேன். இரண்டும் ஒரே அளவுதானே என்று நினைத்தேன். மூடி என்றால் மூடப்படுவதைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும் என்பது, இருபத்தைந்து வருஷமாகச் சோற்றுப்பானை மூடுகிறவளுக்குத் தோன்றவில்லை. வெட்டிய காகிதத்தை என் பக்கத்து விளிம்போடு ஒட்டினாற்போல் வைத்தேன். அந்தப் பக்கம் அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

எல்லாம் முடிந்து மூடியைப் போட்டபோது அது கண்ணாடியைத் தாண்டி உட்கார்ந்தது. ஸ்கேலை எடுத்து அளந்தேன். மூடி எட்டு மில்லிமீட்டர் பெரிது. அப்படியானால் வளையம் நடுவிலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. வளையத்தைப் பிய்க்கலாம் என்று நகத்தைக் கொண்டுபோனேன். பசையோடு பூச்சும் உரிந்து வந்தால் கண்ணாடியைத் திரும்ப அனுப்ப வேண்டும், பிள்ளைகள் வருவார்கள், பாய் ஆம்பூரிலிருந்து வந்து என்ன சொல்வார் என்று வரிசையாக ஓடியது. நகத்தை எடுத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய கண்ணாடியில் நாலு மில்லிமீட்டர் யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஆய்வகத்தைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பிள்ளைகள் வந்தார்கள். வியாழனையும் அதன் நாலு நிலாக்களையும் பார்த்துக் கூச்சலிட்டார்கள். யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. பாய்க்கு மட்டும் தெரிந்தது. வியாழனின் பட்டைகள் முன்புபோல் கூர்மையாக இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் நேராக்கும் வேலை நீண்டுகொண்டே போனது. சர்ச், கடல், குளம் என்று சுற்றிச் சுற்றி வருவோம். லேசர் அழகாக வளையத்துக்குள் விழும். "லேசரு சரி சொல்லுது, ஆனா மனசு சரி சொல்ல மாட்டேங்குது" என்று முனகிக்கொண்டே இறங்குவார். கீழே குந்தியிருந்த நான் திருகுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, குழாயைச் சித்திரை நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதையும் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு முக்காலியிலிருந்து இறங்கி, "மேடம், ஒரு தபா வந்து பாருங்க. புள்ளியா கீதா, வாலு கீதா?" என்று கேட்டார். ஏறிப் பார்த்தேன். தலைப்பிரட்டைக்கு இருக்குமே, அப்படி ஒரு வால், ஒரே பக்கமாக, தெளிவாக இருந்தது. வால் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் வளையம், வளையம் என்றால் மூடி, மூடி என்றால் நான். இதையெல்லாம் யோசித்தேனா என்றுகூடத் தெரியவில்லை, நாக்கு முந்திக்கொண்டது. "புள்ளியாத்தான் இருக்கு பாய்" என்றேன். "கண்ட்டிப்பா?" "கண்டிப்பா." அவர் தலையை ஆட்டிவிட்டு, குழாய்க்கு உறை போட ஆரம்பித்தார்.

இப்படிச் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையைச் சாய்க்க வேண்டும். வாலும் கூடவே சாய்ந்தால் கோளாறு கண்ணில், சாயாமல் நின்றால் தொலைநோக்கியில். அன்று அவர் தலையைச் சாய்க்கவேயில்லை. பல மாதம் கழித்து ஏன் என்று கேட்டேன். "சாஞ்சிருந்தா இன்னா பண்றது மேடம்?" என்றார்.

அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பார்வை போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்நோக்கிப் பார்வை கரையும் நோய். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. பக்கவாட்டில் வந்த சைக்கிள் மோதிக் கீழே விழுந்த அன்றுதான் வீட்டில் தெரிந்ததாம். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி கொடுத்த மனிதர் கடைசிப் பத்து வருஷம் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். பரம்பரையாக வரக்கூடியது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பாய் உள்ளுக்குள் அதற்குக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த நோயில் நட்சத்திரத்துக்கு வால் முளைக்காது என்பது கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் இருந்தது. ஆனால் பயம் வந்துவிட்ட மனுஷனுக்குத் தன் படிப்பு ஞாபகம் வருவதில்லை.

மே மாதம் பாய் மாடிக்கு வருவதை நிறுத்தினார். கடையில் வேலை ஜாஸ்தி என்று தகவல் அனுப்பினார். ஒரு நாள் மாலை லஸ் பக்கம் போனபோது கடையை எட்டிப் பார்த்தேன். கண் பார்க்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். பாய் முன்னால் உட்கார்ந்து சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்தார், என்னைத் தெருவரை கூட்டிக்கொண்டு வந்து சொன்னார். "வண்டி ஓட்றத வுட்டுட்டாரு. லென்ஸ்ல புள்ளி வெக்கிறதுகூட மச்சான்தான். அத்தாவுக்கு வந்தது வந்துட்ச்சுன்னு சொல்றாரு. பெரிய ஆஸ்பத்திரில அடுத்த மாசம் நாள் வாங்கிக் கீறோம். அதுக்குள்ள ஆளே பாதியாயிட்டாரு, பாருங்க." நான் தலையை ஆட்டினேன். பஸ்ஸில் ஏறி, என் நிறுத்தத்தில் இறங்காமல், மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தேன்.

பாவசங்கீர்த்தனம் செய்தால் மனசு ஆறும் என்று சர்ச்சுக்குப் போனேன். எங்கள் பங்குக்கு அப்போதுதான் வந்திருந்த இளம் சாமியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காகித வளையத்தை நாலு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டிவிட்டேன் சாமி என்று ஆரம்பித்ததும் அவர் தடுப்புக்கு அருகே குனிந்து, "எதுல ஒட்டினீங்கம்மா?" என்றார். டெலஸ்கோப்பில் என்றேன். அவருக்காகக் கடல், சர்ச், குளம் எல்லாவற்றையும் விளக்கி, எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமத் தொடங்கிய பிறகுதான் விஷயத்துக்கு வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "வளையம் தப்பா ஒட்டினது பாவம் இல்லம்மா, கைத்தவறு. அவர் கேட்டப்போ தெரிஞ்சும் இல்லேன்னு சொன்னீங்க பாருங்க, அதை எங்கிட்டச் சொல்லிட்டா அவருக்கு என்ன ஆகும்? அவர்கிட்டப் போங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அது தெரியாமலா இவரிடம் வந்தேன்?

மறுநாள் பகல் கடைக்குப் போனேன். மச்சான் சாப்பிடப் போயிருந்தார். மின்விசிறிச் சத்தத்தில் நான் சொன்னது கேட்டதோ இல்லையோ என்று இரண்டாம் முறையும் சொன்னேன். மூடியின் அளவு, காகிதம், என் பக்கத்து விளிம்பு, எல்லாவற்றையும். பாய் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "எத்தினி மில்லி?" என்று கேட்டார். நாலு என்றேன். அவர் உதடு அசைந்தது, மனதுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். "நாலுன்னா வாலு வரும்" என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அது வந்த வேகத்திலேயே போனதையும் பார்த்தேன். "அன்னிக்கு நான் கேட்டனே மேடம். உங்களுக்கும் வாலு தெரிஞ்சுதா?" என்றார். "தெரிஞ்சுது பாய்." திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன். "தொழுகைக்கு நேரமாச்சி, கடைய சாத்தணும்" என்று எழுந்தார்.

சனிக்கிழமை வருவாரா என்று தெரியாமல் ஐந்து மணிக்கே மாடியில் போய் நின்றேன். வந்தார். கண்ணாடியைக் கழற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு வளையத்தைச் சுற்றி ஊறவைத்து, நகம் படாமல் மெல்ல நகர்த்தியே எடுத்துவிட்டார். பூச்சு ஒரு துளி உரியவில்லை. நான் இத்தனை மாதம் எதற்குப் பயந்தேனோ அது ஐந்து நிமிஷ வேலையாக இருந்தது. புது வளையத்தை அவரே ஒட்டினார், நாலு பக்கமும் நின்று அளந்து. வானத்தில் மேகம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. எட்டு மணி சுமாருக்கு ஒரு இடைவெளியில் நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது. பாய் பார்த்தார். "புள்ளி" என்றார். இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, இன்னா புள்ளி" என்று சிரித்தார். பிறகு திரும்பி, படியருகே நின்றிருந்த காவலாளியைக் கூப்பிட்டு, "நீ வந்து பாரு நைனா, எப்படி கீது சொல்லு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து, எப்படி இருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. சர்ச், கடல், குளம் எல்லாம் முன்போலவே நடந்தது, மேடம் என்றுதான் கூப்பிட்டார், ஆனால் பார்த்துச் சொல்ல மட்டும் எப்போதும் வேறு யாராவது இருந்தார்கள்.

அதற்கும் மேல் ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரியில் வாங்கியிருந்த நாளை ரத்து செய்துவிட்டார். "கண்ணாடிதான் கோணலு, கண்ணு இல்ல" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லவில்லை, அந்த மட்டும் பெருந்தன்மை. திரும்ப வண்டி ஓட்டினார், கண் பார்த்தார், லென்ஸில் புள்ளி வைத்தார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அத்தாவுக்கு வந்தது வலியில்லாமல், அறிகுறியில்லாமல் வருவது என்று அவரே சொல்லியிருக்கிறார். பொய் சொல்லி அவரைப் பயமுறுத்தினேன். உண்மையைச் சொன்னதும் போகவிருந்த பரிசோதனைக்கும் போகாமல் நின்றுவிட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்களேன் பாய் என்று ஆரம்பிப்பேன். அவர் பேச்சை மாற்றுவார், இல்லையென்றால் இப்போது எல்லாம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று வர்ணிப்பார். அவர் படியிறங்கும்போது பக்கவாட்டில் எதையாவது இடிக்கிறாரா என்று நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இறங்குவேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு, ஒரு நாள் திருகுகளைப் பிடித்தபடியே கீழிருந்து சொன்னேன். "அப்பவும் லேசர் சரின்னுதான் சொல்லுச்சு பாய். திருகு சரி, புள்ளி வளையத்துக்குள்ள. எல்லாம் சரியாத் தெரிஞ்சதாலதான் அத்தனை மாசம் ஏமாந்தோம். இப்பவும் எல்லாம் சரியாத்தான் தெரியுதுங்கறீங்க. எனக்குப் பயமா இருக்கு." கடலா குளமா என்று தெரியாமல் கையைத் திருகில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "எந்தக் கிழம லீவு கெடைக்கும் உங்களுக்கு?" என்று கேட்டார். அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்காக நங்கநல்லூரில் இருந்தார். கண்ணில் மருந்து விட்டால் தனியாகத் திரும்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை ஆட்டோவில் போனோம். முதலில் ஒரு அறைக்குள் கூட்டிப்போய் அரை மணி நேரம் வைத்திருந்தார்கள். உற்சாகமாகத்தான் வெளியே வந்தார். "ஒரு கிண்ணத்துக்குள்ள தலைய வுட்டுகினு, வெளிச்சம் மினுக்குனா பட்டன அமுக்கணும். நம்ப சனிக்கிழம வேலதான். நடூல நடூல ரொம்ப நேரம் ஒண்ணியுமே வர்ல. மிஷினு தூங்கிட்ச்சின்னு நெனச்சேன்" என்றார். மிஷின் எங்கே தூங்கும்? நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பரிசோதனைத் தாள்களை ஒரு உறையில் போட்டுக் கையில் கொடுத்து, டாக்டர் கூப்பிடும் வரை உட்காரச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் பதினைந்து பேராவது இருந்தார்கள். பாய் உறையைப் பிரித்தார். தாளைக் கிட்டே பிடித்துப் பார்த்தார், கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது, எழுத்தெல்லாம் அவருக்குக் கரைந்திருக்க வேண்டும். உறையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"பாருங்க மேடம். எங்கியாவது கறுப்பு கீதா?"

வலது கண்ணின் தாளில் சாம்பல் புள்ளிகள் ஒரே சீராக இருந்தன. அடுத்த தாளைத் திருப்பினேன். மேல் பாதியில், ஒரு பக்கமாக வளைந்து, மை கொட்டியதுபோல் இருந்தது. டாக்டர் வந்து சொல்லட்டுமே பாய், எனக்கு இதெல்லாம் புரியவில்லை என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. கண்மணி இரண்டும் பெரிதாக விரிந்து, நான் இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இருக்கு பாய்" என்றேன். "இடது கண்ணு. மேல, மூக்குப் பக்கமா. வளைஞ்சு இருக்கு."

"எவ்ளோ?"

சொல்லத் தெரியவில்லை. அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாள்மேல் வைத்து, கறுப்பு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை விளிம்போடு இழுத்துக் காட்டினேன். விரல் சில்லென்று இருந்தது, அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. "நடு?" என்று கேட்டார். நடுவில் ஒன்றும் இல்லை, நடு சுத்தமாக இருக்கிறது என்றேன். கண்டிப்பாகவா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தாள்களை வாங்கி, தடவித் தடவி ஒழுங்காக அடுக்கி, உறைக்குள் போட்டார். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, எந்தப் பக்கம் கதவு என்று தெரியாமல் கையை நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன்.

போனது திரும்பாது, மருந்து ஒழுங்காக விட்டால் இருப்பது இருக்கும் என்று டாக்டர் சொன்னார். இரவு சொட்டு மருந்துக்கு அவர் போனில் அலாரம் வைத்திருக்கிறார், அதே நேரத்துக்கு என் போனிலும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் நேராக்கி முடித்ததும் முக்காலியிலிருந்து இறங்கி, "வாங்க மேடம், புள்ளியா வாலா சொல்லுங்க" என்கிறார். ஏறிப் பார்க்கிறேன். வால் இருந்தால் இருக்கிறது என்கிறேன், மறுபடி கீழே குந்தித் திருகுகளைப் பிடிக்கிறேன். புள்ளியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டிய நாளில்தான் ரொம்ப நேரம் பார்க்கிறேன்.